பழைய கேசட்டில் இருக்கும் வீட்டுக் குரல்களைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

வீட்டை ஒழிக்கும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆடியோ கேசட்டுகள் கிடைத்திருக்கின்றனவா? உடனே ஒரு டேப் ரெக்கார்டரைத் தேடிப் பிடித்து, கைக்கு வந்ததைப் போட்டுக் கேட்கத்தான் தோன்றும். அந்த ஆசையை ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள். பல வருஷம் ஓடாமல் கிடந்த நாடாவுக்கு மிகவும் ஆபத்தான நேரம், அதை மறுபடி முதன்முதலாக ஓடவிடும் அந்தச் சில நிமிஷங்கள்தான். அவசரப்பட்டால் நாடா சிக்கும், அறுந்துபோகும். பொறுமையாகச் செய்தால், முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய குரல்கள்கூட ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இதற்கு எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கத் தேவையில்லை. கை நிதானமும், கேசட் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படைப் புரிதலும் போதும்.

முதல் வேலை: தரம் பிரிப்பது

எல்லாக் கேசட்டையும் மேஜைமேல் பரப்புங்கள். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் வேறு எங்காவது, இதைவிட நல்ல தரத்தில் கிடைக்கும். அட்டைக்காகவும் ஞாபகத்துக்காகவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் உழைப்பு அவற்றுக்கு வேண்டாம்.

வெற்றுக் கேசட்டாக வாங்கி வீட்டில் பதிவு செய்தவைதான் முக்கியம். குழந்தை முதன்முதலாகப் பேசியது, தாத்தா சொன்ன கதை, வெளியூரில் இருந்தவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, பள்ளி ஆண்டுவிழாவில் பாடியது, வானொலிக்கு முன்னால் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்து பிடித்த பாட்டு. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. வானொலியிலிருந்து பிடித்தவற்றைக்கூடத் தள்ளிவிடாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும். பாட்டின் முதல் இரண்டு விநாடியை விழுங்கிய அறிவிப்பாளர் குரலும், நடுவில் "சத்தம் போடாதே, பதிவாகுது" என்று அக்கா அதட்டுவதும் கிடைக்காது.

அட்டையில் ஒன்றும் எழுதாத கேசட்டும் இந்தக் குவியலில்தான் சேர வேண்டும். மேலே பாட்டுப் பெயர் எழுதியிருந்தாலும் அதற்குமேல் வேறு எதையாவது பதிந்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரிக்கும்போதே ஒவ்வொன்றின் மேல் விளிம்பையும் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். கேட்க வேண்டிய பக்கம் உங்களைப் பார்த்திருக்க, நாடா தெரியும் திறப்பு கீழே இருக்கும்படி பிடித்தால், இடது மேல்மூலையில் உள்ள நாக்கு அந்தப் பக்கத்துக்கு உரியது. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் தவறிப்போய்க்கூடப் பதிவு செய்ய முடியாது. இரண்டு நாக்கையும் சின்னத் திருப்புளியால் வெளிப்புறமாக நெம்பி உடைத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திக் குரலை அழித்துவிடும் பயம் அதோடு தீர்ந்தது.

கண்ணால் பார்த்துச் சோதிப்பது

கேசட்டின் ஜன்னல் வழியாக, நல்ல வெளிச்சத்தில், சுற்றியிருக்கும் நாடாவைப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு வழவழப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. அங்கங்கே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடிபோல் படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அந்தக் கேசட்டை எந்தக் கருவியிலும் போடாதீர்கள். பூஞ்சை கருவிக்குள் உதிர்ந்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். மூச்சில் போனாலும் நல்லதல்ல. தனியாக ஒரு பையில் போட்டு மூடி, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே சரி.

அப்புறம், மேலே எழுதியிருக்கும் நீளம். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம், சி-90 என்றால் 45 நிமிஷம், சி-120 என்றால் ஒரு மணி நேரம். ஒரே அளவுக் கூட்டுக்குள் இரண்டு மடங்கு நாடாவை அடைக்க வேண்டும் என்பதால், சி-120இன் நாடா சி-60இல் இருப்பதைவிடப் பாதித் தடிமன்தான் இருக்கும். அது எளிதில் நீண்டுபோகும், உருளையில் சுற்றிக்கொள்ளும். சி-120 வந்தால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்களுக்கும் கை பழகியிருக்கும்.

கருவியைத் தயார் செய்வது

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. லோ ஒட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது அது. அன்று முடிவான அகலமும் வேகமும் கடைசிவரை மாறவில்லை. அதனால் எந்த நாட்டில், எந்த வருஷம் பதிந்த கேசட்டும் எந்தக் கருவியிலும் ஓடும். நமக்கு இது பெரிய வசதி: ஒரு நல்ல பழைய கருவி கிடைத்தால் மொத்தப் பெட்டிக்கும் போதும்.

நல்லது என்று நான் சொல்வது, மின்சாரத்தில் ஓடும் கனமான கேசட் டெக்கை. யுஎஸ்பி வயரோடு மலிவாக விற்கும் புதிய கையடக்கக் கருவிகள் பார்க்க வசதியாகத் தோன்றும். பெரும்பாலானவற்றில் ஓட்டம் சீராக இருக்காது, இழுபடும் குரல்தான் கிடைக்கும். ஒரே ஒரு முறை எடுக்கப்போகும் பதிவுக்கு அது வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் ஒரு டெக் தூங்கிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். நடுவில் பளபளப்பாக இருப்பது ஹெட். நாடாவில் உள்ள காந்தப் பதிவைப் படிப்பது அதுதான். பக்கத்தில் ஒரு மெல்லிய உலோகத் தண்டு, அதை அழுத்த ஒரு கருப்பு ரப்பர் உருளை. இவை இரண்டும் சேர்ந்துதான் நாடாவை ஒரே வேகத்தில் இழுக்கின்றன. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து ஹெட்டையும் தண்டையும் துடைத்தால், பஞ்சு காப்பி நிறத்தில் வரும். அது பழைய நாடாக்களிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் அடிக்கடி பட்டால் காய்ந்துபோகும். அதற்கு ஒரு துளி மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். நன்றாகக் காயவிட்டு, அதன்பின்தான் கேசட். நாலைந்து கேசட்டுக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கருவி 'நாடாவைத் தின்கிறது' என்பார்களே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ரப்பர் உருளை பிசுபிசுப்பாகி நாடாவை ஒட்டி இழுத்துக்கொள்ளும். அல்லது உள்ளே இருக்கும் பெல்ட் தளர்ந்து, வெளியே வரும் நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டிய சக்கரம் சுற்றாமல் நிற்கும். அதனால் ஒதுக்கி வைத்த பாட்டுக் கேசட் ஒன்றை முதலில் போட்டு, இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் அதில் சிக்கட்டும்.

சுருளைத் தளர்த்துவது

பல வருஷம் ஒரே நிலையில் இருந்த சுருளில் அடுக்குகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டியிருக்கும். நேராக ஓடவிட்டால் இழுத்து இழுத்து ஓடும். ஆறு பட்டைப் பென்சிலை ஓட்டைக்குள் விட்டு, பத்துப் பன்னிரண்டு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் கருவியில் போட்டு ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, மறுபடி பின்னே ஓட்டுங்கள். கடைசிக்கு வரும்போது மட்டும் கவனம்: முடிவுக்குச் சற்று முன்பே நிறுத்தி, மீதியைப் பென்சிலால் சுற்றுங்கள். வேகமாக வந்து டக்கென்று நிற்கும்போதுதான் நாடா அதன் முனையிலிருந்து பிய்ந்துகொள்ளும்.

கையால் சுற்றும்போதே கிறீச்சிட்டால், அல்லது கனமாக இருந்தால், கேசட்டின் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டிவிட்டு மீண்டும் முயலுங்கள். மேடு பள்ளமாகச் சுற்றியிருந்த அடுக்குகள் சமமாகிவிடும்.

சின்னப் பழுதுகள்

அடிக்கடி வரும் பழுது, உள்ளே இருக்கும் கம்பளித் துண்டு விழுந்துபோவது. கேசட்டின் திறப்பில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செம்பு வில்லில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கிப்போகும், ஏறி இறங்கும். "நாடா போய்விட்டது" என்று கைவிடப்படும் கேசட்டுகளில் பலவற்றுக்கு உண்மையில் இது மட்டும்தான் கோளாறு. இன்னொரு கேசட்டிலிருந்து வில்லோடு எடுத்துப் பொருத்தினால் குரல் பழையபடி எழுந்து வரும்.

இதற்கும், கூடு விரிசல் விட்டதற்கும் ஒரே வைத்தியம்: கூடு மாற்றுவது. ஐந்து திருகாணி போட்ட ஒரு கேசட்டை, உள்ளே இருப்பது தேவையில்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கேசட்டையும் மேஜைமேல் படுக்க வைத்தே திறக்க வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு திறந்தால் சுருள் நழுவி, தரையெல்லாம் நாடாவாகிவிடும். மேல்மூடியை எடுத்ததும் முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்தப் பக்கம் புறப்பட்டு, மூலையில் இருக்கும் சின்ன உருளைகளை எப்படிச் சுற்றி, கம்பளித் துண்டுக்கு முன்னால் எப்படிப் போகிறது என்பதைப் பிறகு யோசித்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. மேலும் கீழும் இருக்கும் வழவழப்பான தாள்களையும் தொலைக்காமல் வையுங்கள்; அவை இல்லாவிட்டால் சுருள் உரசும். பிறகு இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு ஒன்றாகத் தூக்கி, புதுக் கூட்டில் அதே திசையில் இறக்குங்கள். திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டிய கூடாக இருந்தால், இணைப்புக் கோட்டில் மெல்லிய பிளேடைச் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். அந்தக் கூடு உடையும், பரவாயில்லை. பிளேடு மட்டும் உள்ளே ஆழமாகப் போகக்கூடாது.

அறுந்த நாடாவை ஒட்டுவதுதான் கை நடுங்கும் வேலை. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. கிழிந்து சுருண்ட முனைகளை மட்டும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சாய்வாக வெட்டுங்கள். நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் போவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நாடாவின் ஒரு பாதி அகலத்தில் ஒரு பக்கமும் மறுபாதியில் இன்னொரு பக்கமும் பதிந்திருப்பதால், இரண்டு பக்கத்திலும் அந்த இழப்பு இருக்கும். வெட்டிய முனைகளை இடைவெளியோ மேலேற்றமோ இல்லாமல் நேராகச் சேர்த்து, நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை உட்புறத்தில், அதாவது ஹெட்டைத் தொடாத பக்கத்தில், ஒட்டுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை நாளடைவில் கசிந்து மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து ஒட்டிவிடும்.

கணினியோடு இணைப்பது

டெக்கின் பின்புறம் 'லைன் அவுட்' என்று இரண்டு துளை இருக்கும். அங்கிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு வயர் போக வேண்டும். மடிக்கணினியில் பெரும்பாலும் மைக் துளை மட்டும்தான் இருக்கும். அதில் நேரடியாகக் கொடுத்தால் சத்தம் கரகரவென்று உடையும், பல கருவிகளில் ஒரு சேனல்தான் வரும். வெளியிலிருந்து வரும் ஒலியைக் கணினிக்குள் வாங்கித்தரும், யுஎஸ்பியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. வால்க்மன் மாதிரி கருவி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்கலாம். சத்தத்தைப் பாதி அளவில் வைத்து ஆரம்பியுங்கள்.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். பதிவு அமைப்பில் 44,100 ஹெர்ட்ஸ் அல்லது 48,000 ஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். ஒலி அளவுமானியில் மிகச் சத்தமான இடம்கூட மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மைக்கில் ஊதுவார்கள், கத்துவார்கள். அதற்கு இடம் விட வேண்டும். சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்து பதிந்தால் சரிசெய்வது கடினம்.

டெக்கில் 'உஸ்' சத்தத்தைக் குறைக்க இருக்கும் டால்பி பொத்தானை, கேசட்டின் அட்டையில் டால்பி என்று குறித்திருந்தால் மட்டும் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் அணைத்தே வையுங்கள்.

குரல் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால், பதிவு செய்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் கருவியின் ஹெட் சாய்வும் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஹெட்டின் ஓரத்தில் வில்லோடு ஒரு திருகாணி இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காந்தமேறாத மெல்லிய திருப்புளியால் அதைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பினால், ஒரு இடத்தில் 'ச', 'ஸ' ஒலிகள் பளிச்சென்று தெளியும். அங்கே நிறுத்துங்கள். திருகாணி முன்பு இருந்த நிலையை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்வது அவசியம். இரவல் டெக் என்றால் உரியவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஓடவிட்ட பிறகு நிறுத்தாதீர்கள்

பேச்சு முடிந்து, நாடாவில் வெறும் 'உஸ்' சத்தம் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். வீட்டுக் கேசட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பார்கள். புதிய பதிவு முடிந்த இடத்துக்குப் பின்னால், அழியாமல் மிஞ்சிய பழைய பதிவின் வால் இருக்கும். பத்து நிமிஷ மௌனத்துக்குப் பிறகு, மேலே பதிந்ததைவிட அருமையான ஒரு குரல் வரலாம். இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓட்டுங்கள்.

பதிவு ஓடும்போது கூட உட்கார்ந்து கேளுங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம்தான். ஆனால் நாடா சிக்கினால் உடனே நிறுத்த ஆள் வேண்டும். தவிர, கேட்பதற்குத்தானே இத்தனையும்?

சில இடங்களில் எல்லோரும் கீச்சுக்குரலில், வேகமாகப் பேசுவதுபோல் கேட்கும். அன்று பதிவு செய்த கருவியில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கும். மோட்டார் மெதுவாகச் சுற்றியபடி பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டுவதால் வரும் விளைவு அது. பிறகு கணினியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் குரல் மீளும். எவ்வளவு குறைப்பது என்பதை அந்தக் குரலை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவர் "இதுதான் அவர் குரல்" என்று சொல்லும் இடம்தான் சரியான வேகம்.

இரைச்சலை எவ்வளவு நீக்குவது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூலப் பதிவைத் தொடவே கூடாது. சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான். அந்த நகலிலும் கை அடங்கியிருக்க வேண்டும். இரைச்சல் நீக்கும் கருவியை முழுவேகத்தில் போட்டால், குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, பின்னணி போய்விடுவது.

பழைய வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒலி அளவைத் தானாகவே சரிசெய்யும் சுற்று இருந்தது. யாராவது பக்கத்தில் பேசினால் அளவைக் குறைக்கும். பேச்சு நின்றதும் ஏற்றிவிடும். அதனால்தான் பேச்சின் இடைவெளிகளில் அறையின் சத்தமெல்லாம் மேலெழுந்து வருகிறது: தையல் மெஷின் ஓடுவது, தெருவில் சைக்கிள் மணி, மழை, கதவுத் தாழ்ப்பாள், அடுத்த அறையில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது. குழந்தை சொன்ன பாட்டு பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்த வீடு, அந்தச் சாயங்காலம், எப்படி ஒலித்தது என்பது இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. 'உஸ்' சத்தத்தைக் கொஞ்சம் தணியுங்கள், போதும். பொத்தான் அழுத்தும் 'டொக்' சத்தத்தையும், "ஆன் ஆயிடுச்சா?" என்ற கேள்வியையும் வெட்டாதீர்கள்.

சேமிப்பும் பெயரும்

மூலத்தை வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் எடுக்கும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். ஃபிளாக் தரம் குறையாமலே இதைக் கணிசமாகச் சுருக்கும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இன்னொருவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

கோப்புப் பெயரில் கேசட் எண், பக்கம், தெரிந்தால் வருஷம், யார் குரல் என்பதெல்லாம் வரட்டும். அதே எண்ணைக் கேசட்டின் மேலும் பென்சிலால் எழுதுங்கள். உள்ளட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே பெயரில் வையுங்கள். அந்தக் கையெழுத்தும் யாரோ ஒருவருடையதுதான்.

மாற்றி முடித்ததும் கேசட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்தால் மறுபடி எடுக்கலாம். முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் அடுக்குவதைப் போல நிற்கவைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் போன்ற காந்தமுள்ள பொருள் பக்கத்தில் கூடாது.

யாருடையது என்று தெரியாத குரல்கள் கட்டாயம் இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் அரை நிமிஷம் வெட்டியெடுத்து, குடும்பத்தில் வயதானவர்களுக்கு அனுப்புங்கள். முடிந்தால் நேரில் போய், நல்ல ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அன்றே கோப்பில் எழுதிவிடுங்கள். நாடா இன்னும் சில வருஷம் தாங்கலாம்; அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அவ்வளவு காலம் இருப்பார்களா என்பது தெரியாது. அதனால் எந்தக் கேசட்டை முதலில் எடுப்பது என்று குழம்பினால், அதிகம் பழுதானதை எடுக்காதீர்கள். இன்று எண்பதைத் தாண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எதில் இருக்கின்றனவோ, அதில் ஆரம்பியுங்கள்.